மாமா பாடிய வேகம்

மொன்றியலை அடுத்த இல்-பிசார் தீவில் என் மகனுடைய வீட்டில் பகற்பொழுதுகளில் நான் ஒருத்தி மட்டுமே இருப்பேன். வீட்டில் ஒரு குரலாவது ஒலிக்கட்டும் என்று வானொலியை அணைப்பதில்லை. சென்ற வாரம் அதில் ஓர் இளம் பாடகி பேசினாள். தன் முன்னோடி யார் என்று கேட்கப்பட்டபோது, தான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துவிட்ட ஓர் அமெரிக்க ‘கன்ட்ரி’ இசைப் பாடகரின் பெயரைச் சொன்னாள். கிட்டாரைக் கையில் எடுக்கும் எவரும் அந்த மனிதரின் குரலைக் கடந்தே தம் குரலைச் சென்றடைய வேண்டியிருக்கிறது என்றும் சொன்னாள். என் தாய்மாமாவும் அவ்வழியே போனவர்தாம் என்பதை அவளுக்கு யார் சொல்வது?

எனக்கு அப்போது பத்து வயதிருக்கலாம். அம்மா எங்களிடம் வந்து சேர அனுமதி கிடைக்காமல் யாழ்ப்பாணத்திலேயே இருந்தார். அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, நான் ஆகிய மூவரும் மொன்றியலில் ஒரு நிலக்கீழ் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மாலை நேர வேலை. மாமா காலையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டுப் பிற்பகலில் திரும்பிவிடுவார். ஆகவே என் மாலைப்பொழுதுகள் மாமாவுக்கும், அவருடையவை எனக்கும் உரியனவாயின. அதிகம் பேசுகிறவரல்லர். ஊரில் கலியாண வீடுகளில் அந்தப் பாடகரின் பாட்டுகளையே பாடுவாராம். அங்கே அவரைப் பாடகரின் பெயராலேயே கூப்பிடுவார்களாம். இங்கே அவரை எவரும் எந்தப் பெயராலும் கூப்பிடுவதில்லை.

கழுவுதொட்டியடியில் அவர் முணுமுணுத்த பாட்டொன்று உணவகத்தின் சமையற்காரருடைய காதில் விழுந்தது. கியூபெக்காரரான அவர், சனிக்கிழமைகளில் நகரின் மேற்கே ரொக்ஸ்பரோவில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் நண்பர்களோடு கிட்டார் வாசிப்பவர். அவர்களுடைய பாடகர் வேறூர் போய்விட்டிருந்தார். ஆள் வேண்டியிருந்தது. மாமாவுக்குப் ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ என்பவற்றுக்கு அப்பால் பிரெஞ்சு தெரியாது. எனவே அவருக்கு வாயாக நானும் போவதென்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை அவர் தம் வெள்ளைச் சட்டையை மின்னழுத்தியால் அழுத்தி ஆணியில் மாட்டினார். பிறகு ஏனோ அதைக் கழற்றி மறுபடியும் அழுத்தினார்.

“சனிக்கிழமை எண்டால் எங்களுக்கும் போறதுக்கு ஒரு இடம் வரப்போகுது, பிள்ளை” என்றார்.

புகைவண்டியில் போய் இறங்கினோம். மண்டபத்தில் அகன்ற தொப்பிகளும் முழங்கால்வரை நீண்ட சப்பாத்துகளும் அணிந்த நடுவயதினர் கூடியிருந்தனர். எல்லோரும் அந்தப் பாடகரின் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவருடைய மெட்டுகளில் பிரெஞ்சுச் சொற்களை ஏற்றிப் பாடினார்கள். அடியின் ஈற்றை அவர் விழுங்குமாறே விழுங்கினார்கள். கிட்டாரைக்கூட அவர் பிடித்த விதமாகவே பிடித்தார்கள்.

மாமா கண்களை மூடிப் பாடத் தொடங்கினார். கிணற்றின் அடியிலிருந்து எழுவதுபோல் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே, அவசரமின்றி ஏறி வந்தது. டிரம் அடித்தவர் முந்தினார், நின்றார், மறுபடியும் முந்தினார். முடிவில் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார். சமையற்காரர் என் பக்கம் குனிந்து வேகத்தைக் கூட்டச் சொன்னார்; அதை மாமாவிடம் சொன்னேன்.

“மாமா, கொஞ்சம் கெதியாப் பாடட்டாம்.”

“அந்த மனுசன் இப்பிடித்தான் பாடினவர் எண்டு சொல்லு.”

சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். டிரம்காரர், கேலியாக அல்லாமல் உதவியாகவே, அந்தப் பாட்டின் இசைத்தட்டைச் சுழலவிட்டார். காலையில் கைவீசி நடந்துபோகும் ஒருவருடையது போன்ற இலேசான குரல் எழுந்தது. மாமா குனிந்து, முடியும்வரை கேட்டார்.

“ஆர் பிள்ளை இது?”

“அவர்தானாம், மாமா.”

அடுத்த சனிக்கிழமையும் வரச் சொன்னார்கள். மாமா சரியென்று தலையை ஆட்டினார். திரும்பும் வழியில் புகைவண்டியின் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, நடந்ததை நான் சொல்லக் கேட்ட அப்பா வாய்விட்டுச் சிரித்தார். “மச்சான், செத்த பற்றரியை வெயில்லை காயவைச்சுக் காயவைச்செல்லோ ரேப் கேட்டனீ! நீ அந்த மனுசனிட்டப் பாட்டுப் பழகேல்லை, பற்றரியிட்டப் பழகியிருக்கிறாய்!”

ஊரில் மாமாவின் வீட்டில் மின்சாரம் கிடையாது. வெயிலில் சற்றே தேறிய மின்கலத்தில் ஒலிநாடா இழுத்து இழுத்து ஓடும். குரல் தாழும், பாட்டு நீளும். அந்த ஆழத்துக்கே மாமா ஆண்டுக்கணக்காகப் பொறுமையோடு இறங்கிப் பழகியிருக்கிறார். அன்று அவரும் சிரித்தார். மூவரும் சேர்ந்து சிரிப்பது அரிது என்பதால் நான் எல்லோரிலும் அதிகமாகச் சிரித்தேன்.

மறு சனிக்கிழமை அவர் புறப்படவில்லை. தொண்டை சரியில்லை என்றார். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதையே சொன்னார்.

சில வாரங்கள் கழித்து, ஒரு பிற்பகலில், சமையற்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். தொப்பியில் பனி படிந்திருந்தது. உணவகத்தில் மாமா பிடிகொடுக்கவில்லையாம், என்னைத் தேடியே வந்தாராம். அந்தப் பாட்டைத் தாங்கள் இப்போது மாமாவின் வேகத்திலேயே வாசிப்பதாகவும், டிரம்காரரும் அதைப் பழகிவிட்டதாகவும், பாடுவதற்குத்தான் எவராலும் இயலவில்லை என்றும் சொன்னார்.

“அது பிழை எண்டு சொல்லு” என்றார் மாமா. “பிழையை ஏன் பழகுறியள் எண்டு கேள்.”

கேட்டேன். அவர் தொப்பியைக் கையில் எடுத்துச் சுற்றியபடியே நீண்ட மறுமொழி சொன்னார். அதை என்னால் இயன்றவரை சுருக்கினேன்.

“அந்த மனுசனைப் போலப் பாட ஊரெல்லாம் ஆக்கள் இருக்கினமாம், மாமா. உங்களைப் போலப் பாடத்தான் ஆளில்லையாம்.”

மாமா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“பகிடி விடுறார். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு.”

அவர் குடித்துவிட்டுப் போனார். அதன் பின்னர் வரவில்லை.

தொண்டை தேறாமையால்தான் மாமா போக மறுக்கிறார் என்று நான் முடிவு செய்தேன். அடுப்பருகே கதிரையில் ஏறி நின்று, அம்மா செய்வதுபோல் மல்லியும் சுக்கு என்னும் வேர்க்கொம்பும் போட்டு அவித்துக் கொடுத்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும், மாலைதோறும், அவர் அதை இரு கைகளாலும் வாங்கிக் குடித்தார். “இப்ப பரவாயில்லை, பிள்ளை” என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல, நாளைக்கு நிச்சயம் பாடுவார் என்று நம்பி, மறுநாளைக்கான மல்லியை எடுத்து வைத்துவிட்டு நான் உறங்கப் போவேன்.