அத்திம்பேரின் பயந்தாங்கொள்ளிப் பெட்டி

என் அத்திம்பேர் பத்ரிநாராயணனைப்போல் கரண்டுக்குப் பயந்த மனிதர் ஹைதராபாத்தில் இன்னொருவர் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். பாலாநகரில் ராணுவத்துக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து, சர்க்யூட் போர்டு சோதிக்கும் பிரிவிலேயே ஓய்வுபெற்றவர் அவர். அதனால் மெட்டுகுடா சந்தில் யார் வீட்டு மிக்ஸி நின்றுபோனாலும் அவர் மடிக்குத்தான் வரும். பாவம், அவர் ஆயுசு முழுக்கப் பழகியது ஐந்து வோல்ட். சுவருக்குள் ஓடுவது இருநூற்று முப்பது. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும், சந்துக்குத் தெரியாது.

சுவிட்சை நகத்தால் தட்டுவார். பல்பு மாற்ற மனைப்பலகை மேல் ஏறி நிற்பார். தூரத்தில் இடி இடித்தால் போதும், வீட்டில் உள்ள பிளக்கையெல்லாம் பிடுங்கி வரிசையாகத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி, என் அக்கா வேதாவுக்கு இதெல்லாம் ஒரு வேடிக்கை. நான் சனத்நகரிலிருந்து போகும்போதெல்லாம் புதுக் கதை ஒன்று வைத்திருப்பாள். இருவரும் அவர் காதுபடவே சிரிப்போம், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன கோடையில் அந்தப் பழைய வீட்டின் பீங்கான் ஃப்யூஸ் ஒன்று புகைந்து, மரப் பலகையை உள்ளங்கை அகலத்துக்குக் கரியாக்கிவிட்டது. யாரோ எப்போதோ அதில் தடிமனான செப்புக் கம்பியைச் சுற்றியிருக்கிறார்கள். ஃப்யூஸ் போகாது, வீடுதான் போகும். அன்றிலிருந்து அத்திம்பேருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீடு முழுக்க ஒயர் மாற்றிப் புதுப் பெட்டி வைத்தே தீருவது என்று எலக்ட்ரீஷியன் அப்துல் ரஹீமைக் கூப்பிட்டார். ரஹீம் மெட்டுகுடாவின் தமிழ் வீடுகளில் பல வருஷமாக வேலை செய்பவர், அவர் தமிழும் நம் உருதுவும் ஏறக்குறைய ஒரே லட்சணம்.

பெட்டி வாங்க ட்ரூப் பஜாருக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். எல்லா லைனுக்கும் பெரிய பிரேக்கராகப் போட்டுவிடலாம், அடிக்கடி விழுந்து கரண்டை நிறுத்தாது, புகார் வராது என்றார் ரஹீம். அத்திம்பேர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"ஒயர் தாங்கறதைவிட பிரேக்கர் பெரிசா இருந்தா, அது விழறதுக்குள்ள ஒயர் எரிஞ்சுடும். லைட்டுக்குச் சின்னது, பிளக்குக்கு அதைவிடப் பெரிசு, கீஸருக்குத் தனியா. அப்புறம் எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு ஆர்.சி.சி.பி."

"அது கைக்கு சாப், எதுக்கு? இவ்ளோ பயம் நக்கோ, வேணாம்."

"கரண்ட் போன வழியே திரும்பி வராம வேற எங்கேயாவது கசிஞ்சா அது விழும். ஒரு மனுஷா உடம்பு வழியாக் கசிஞ்சாலும் விழும். உசிரு போறதுக்கு முன்னாடி விழும்."

கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி, முகப்பில் இருந்த சோதனைப் பொத்தானை அமுக்கிப் பார்த்தார் அத்திம்பேர். அது கரண்ட் இல்லாமல் வேலை செய்யாது என்று எனக்கே தெரியும். வீடு வரும்வரை அந்தப் பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஒயர் மாற்றும் வேலை கூடம், அறைகள் என்று மளமளவென்று முடிந்தது. சமையலறை வரும்போது அத்திம்பேரின் அப்பாவுடைய திவசம் நெருங்கிவிட்டது. திவசம் முடிகிறவரை வெளி மனுஷர் யாரும் தளிகை உள்ளில் காலை வைக்கக் கூடாது என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். சுவரை இடித்துத் தூசி கிளப்புகிற பேச்சுக்கே இடமில்லை. சமையலறையின் பழைய ஒயரை அப்படியே புதுப் பெட்டியில் கோத்துவிட்டு, திவசம் முடிந்ததும் வருவதாகச் சொல்லி ரஹீம் போய்விட்டார்.

மறுநாளே வம்பு ஆரம்பித்தது. காலையில் அக்கா தலைக்குக் குளித்து, ஈரம் சொட்ட மடிப் புடவையோடு கிரைண்டரில் மாவு அரைக்கப் போனால் ஆர்.சி.சி.பி. 'டப்'பென்று விழும். வீடே இருண்டுவிடும். அத்திம்பேர் ஒற்றை விரலால் அதைத் தூக்கிவிடுவார். அடுத்த நாளும் அதே கதை. திவசத்துக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருந்த நான் ஒரு தடவை போய் சுவிட்சைப் போட்டேன், கிரைண்டர் சமர்த்தாக ஓடியது. அத்திம்பேர் ரஹீமைக் கூப்பிட்டனுப்ப, நாங்கள் அதைக் கூடத்துக்குத் தூக்கி வந்து கொடுத்தோம்; அவர் ஓட்டிப் பார்த்தார், அங்கேயும் ஓடியது.

"பெட்டி ரொம்ப பயந்த பெட்டி சாப். உங்க மாதிரி," என்று சிரித்தார் ரஹீம். "ஒரு கம்பி போட்டு பைபாஸ் பண்ணிடறேன், கரண்ட் அதுக்குள்ள போகாது. விழாது."

அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "திவசத்தன்னிக்கு வாத்தியார் வந்து உக்காந்திண்டிருக்கச்சே கரண்ட் போனா நன்னாவா இருக்கும்? அவர் சொல்றாப்பல பண்ணிடுங்கோளேன்."

அத்திம்பேர் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. கல்யாணமான நாளிலிருந்து அவர் அக்கா பேச்சைத் தட்டி நான் பார்த்ததில்லை. அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும் எரிச்சல்தான். இத்தனை வயதில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு இவ்வளவு பிடிவாதமா என்று நினைத்தேன்.

திவசத்தன்று காலை. வாத்தியார் இன்னும் வரவில்லை. அத்திம்பேர் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு கூடத்தில் தர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே வடைக்கு உளுந்து அரைபடும் சத்தம் கேட்டது. 'டப்'. மின்விசிறி நின்றது. உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது.

அத்திம்பேர் எழுந்து பெட்டியைத் திறந்து விரலை நெம்புகோலின் அடியில் வைத்துவிட்டார். பெட்டி இருந்தது சமையலறை வாசலுக்குப் பக்கத்துச் சுவரில். அங்கிருந்து உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றார். நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா ஈரத் தரையில் சரிந்து உட்கார்ந்து, வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்லைன்னா. தூக்கிவிடுங்கோ, உளுந்து பாதியில நிக்கறது."

"என்னாச்சு வேதா?"

"எப்பவும் மாதிரிதான்."

"எப்பவும் மாதிரின்னா?"

அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "கிரைண்டர் டிரம்மைத் தொட்டா சுரீர்ங்கும். முன்னெல்லாம் எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். இவா ஒயர் இழுத்ததுலேர்ந்து கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா உடனே விட்டுடறது."

"விட்டுடறதா?"

"ஆமா. பெட்டி விழுந்ததும் விட்டுடறது."

அத்திம்பேரின் விரல் நெம்புகோலில் இருந்து கீழே இறங்கியது. சுவரில் கை ஊன்றிக்கொண்டார். "ஒவ்வொரு தடவையுமா? பெட்டி விழுந்தப்போ எல்லாம் நீ தொட்டிண்டு இருந்தியா?"

"சொன்னா நீங்க தளிகை உள்ளையே பூட்டிடுவேள். அப்புறம் உங்க அப்பா திவசம் எப்படி நடக்கும்?"

அன்றைக்கு நான் போட்டது சுவிட்சை மட்டும், டிரம்மைத் தொடவில்லை.

"கிரைண்டர்ல கோளாறு இல்லை, கூடத்துல ஓடித்தே," என்றார் அத்திம்பேர், ரொம்ப மெதுவாக. "சுவத்துக்குள்ள பழைய கம்பி தோல் உரிஞ்சு எர்த் கம்பியில ஒட்டிண்டிருக்கு. அந்த எர்த்தும் எங்கேயோ அறுந்திருக்கு. அதனால கரண்ட் போறதுக்கு வேற வழியே இல்லை. ஈரக் காலோட நீ தொட்டாத்தான் அதுக்கு வழி. உன் வழியாப் போய்த்தான்டீ அது விழுந்தது. தினமும்."

சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அக்காவைக் கைத்தாங்கலாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் வேதனையோடு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வலிக்கறதா அக்கா?"

"இல்லைடீ. ரஹீம் வருவார்."

"எதுக்கு?"

"நான்தான் இவருக்குத் தெரியாம போன் பண்ணினேன். பைபாஸ் போடச் சொல்லி."

அத்திம்பேர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். எழுந்து போய், அவளுடைய மணிக்கட்டை வாங்கித் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். மடியாவது ஒன்றாவது, மறுபடி குளித்தால் போகிறது. அக்காவுக்கு அப்போதுதான் பயம் வந்து அழுகையாக வெடித்தது.

"மாதங்கி," என்றார் என்னிடம். "நீ பெட்டிகிட்ட நில்லு. யார் கேட்டாலும் தூக்க விடாதே. உளுந்தை ஆட்டுக்கல்லுல அரைச்சுக்கலாம்."

பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி என்று இத்தனை வருஷம் சிரித்தவள் நான். பெட்டிக் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டேன்.

வாசல் கேட் கிறீச்சிட்டது. ரஹீம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில், இரண்டு முனையும் அழகாகத் தோலுரித்த ஒரு துண்டுக் கம்பி.

"அம்மா போன் பண்ணாங்க. ஒரே நிமிஷம், போட்டுட்டுப் போயிடறேன்."

"நக்கோ, ரஹீம் பாய்," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியை நோக்கி வந்தார். மறுபடியும் சொன்னேன். "நக்கோ."