மாமியார் சொன்ன பதில்

1. முதல் வாசல்

1979, மாசி மகத்துக்கு முந்திய வாரம். காசநோய்க் கணக்கெடுப்புக்காக வைத்திக்குப்பத்தின் முதல் வாசலில் நின்றேன். வீட்டில் மூத்தவர் ஒருவரைக் கேட்டால் போதும், அவரே எல்லோருக்கும் பதில் சொல்லலாம் என்பது எங்களுக்குக் கொடுத்திருந்த முறை.

"வீட்ல யாருக்காச்சும் டிபி இருக்குதா? மாத்திரை சாப்புடுறாங்களா?"

தனபாக்கியம் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். "எங்க வூட்லயா? நீதான் நோஞ்சானா இருக்க நர்சம்மா. ரெண்டு சுறா வாங்கிக்கினு போ."

பக்கத்தில் நின்ற மருமகள் அஞ்சலை தலை நிமிரவில்லை. முந்திய சனிக்கிழமைதான் குப்பத்தை ஒட்டிய எங்கள் மாத்திரை கவுண்டரில் அவளுக்குக் காசநோய் மாத்திரை கொடுத்திருந்தேன். மாமியார் எதிரில் மறுத்துப் பேச முடியாது. 'இல்லை' என்றே எழுதினேன்.

2. கவுண்டர்

குப்பம் முழுவதும் 'இல்லை'தான். எங்கள் மருத்துவ அதிகாரி பிரெஞ்சுக் காலத்தில் படித்தவர், நியாயஸ்தர்.

"நோயே இல்லாத எடத்துல கவுண்டர் எதுக்கு மதாம்? பிள்ளைச்சாவடிக்கு மாத்திடலாம்."

"மாத்திரை வாங்குறவங்க குப்பத்து ஜனங்கதான் சார். வெளியில தெரியக்கூடாதுன்னு லாஸ்பேட்டை விலாசம் குடுக்குறாங்க."

"விலாசத்துல பொய் சொல்றவங்க மாத்திரைய மட்டும் ஒழுங்கா முழுங்குறாங்களா?"

கேள்வி சரியானது. ஆனால் பிள்ளைச்சாவடிக்கு பஸ் ஏற அஞ்சலை வீட்டில் என்ன காரணம் சொல்வாள்? வைத்தியம் பாதியில் நின்றுவிடும்.

"ஒரு வாரம் குடுங்க சார். திரும்பக் கேட்டுட்டு வரேன்."

3. மறைப்பு

மறுநாள் காலை, மீன் எடுக்கக் கரையில் படகுக்குக் காத்திருந்த அஞ்சலையைத் தனியே பிடித்தேன்.

"அத்தைய வெச்சிக்கினு கேட்டா என்னத்த சொல்லுவேன்? தெரிஞ்சா அன்னிக்கே எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"மாத்திரை போடுறியா?"

"மீன் கூடைக்கு அடியில இருக்குது. மார்க்கெட்ல டீ குடிக்கும்போது போட்டுக்குவேன்."

கவுண்டருக்குப் பின்னால் ஓலை மறைப்புக் கட்டினேன். நோய் உள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்காமல் எல்லோரையும் ஒவ்வொருவராக அழைத்து அதே கேள்விகளைக் கேட்டேன். எல்லோரிடமும் சிறுநீரும் வாங்கினேன். மாத்திரை போட்டிருந்தால் லேபில் தெரிந்துவிடும்.

வாசலில் 'இல்லை' என்றிருந்த வீடுகளிலிருந்து சிலர் இங்கே 'ஆமாம்' என்றார்கள். அஞ்சலையின் சிறுநீரில் மருந்து இருந்தது. எங்களிடம் மாத்திரை வாங்கும் முருகேசன் மட்டும் "ஒரு நாள் தவறுனதில்ல" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அவர் சிறுநீரில் மருந்தே இல்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சாராயம் குடிக்கிற அன்னிக்கு மாத்திரை ஆவாதுன்னாங்க நர்சம்மா. அதான் போடறதில்ல."

"எப்பெப்ப குடிப்பீங்க?"

"கடலுக்குப் போய்ட்டு வந்த அன்னிக்கு மட்டுந்தான்."

அவர் தினமும் கடலுக்குப் போகிறவர்.

அதிகாரி இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "கவுண்டர் அங்கயே இருக்கட்டும். பழைய கணக்கக் கிழிச்சிடாதீங்க. ரெண்டையும் சேத்து அனுப்புவோம். கணக்கு எப்படித் தப்புதுன்னு மேல இருக்கறவங்களும் பாக்கட்டும்."

4. அதே வாசல்

இன்று எச்.ஐ.வி. கணக்கெடுப்புக்குப் போகும் இளையவர்கள், ஜனங்கள் உண்மை சொல்வதில்லை என்று என்னிடம் குறைப்படுகிறார்கள். கேட்கும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன். 'மாத்திரை போடுகிறேன்' என்ற பதிலையும் அப்படியே நம்பிவிட வேண்டாம் என்பேன்.

அஞ்சலை 1980 தீபாவளிக்கு முன்பு வைத்தியத்தை முடித்தாள். அடுத்த கணக்கெடுப்பில் அதே வாசலில் தனபாக்கியம் அதே பதிலைச் சொன்னார். இந்த முறை அது உண்மை. இருந்தும் அஞ்சலையை மறைப்புக்குப் பின்னால் அழைத்து, அவள் வாயால் கேட்ட பிறகுதான் 'இல்லை' என்று எழுதினேன்.