மூன்றாவது முயற்சியில் மட்டும்

வறுத்த வேர்க்கடலைத் தோல் ஏசி காற்றில் பறந்து கம்பளத்தில் ஒட்டிக்கொள்ளும். டிவிக்குப் பக்கத்தில் சூடேறிய மடிக்கணினி ‘உஸ்’ என்று இரைந்துகொண்டிருக்கும். எனக்குப் பதினோரு வயதான அந்த ஆண்டு, எங்கள் அபுதாபி வீட்டில் சனிக்கிழமை மாலைகள் இப்படித்தான் கழிந்தன. அப்பாவும் எதிர் ஃபிளாட் சேகர் அங்கிளும் அமெரிக்காவில் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அதன் ஃபுட்பால் அணி ஆடும் ஆட்டத்தைத் தவறவிட மாட்டார்கள். பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொண்டு ஓடும் அந்த ஆட்டத்தில், நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். பந்தை எறிவதோ ஓடுபவனிடம் கொடுப்பதோ ‘குவார்ட்டர்பேக்’கின் வேலை, எதைச் செய்வது என்று சொல்லியனுப்புவது பயிற்சியாளர். அந்த ஆண்டு அந்த இடத்துக்கு வந்த முதலாண்டு மாணவன் எறிந்த பந்துகளில் பாதி எதிரணியின் கைக்கே போயின.

“கலாஸ்டா, கத முடிஞ்சுது, இவன உக்கார வச்சிரணும்,” என்பார் அங்கிள். “பந்த எடுத்தாலே கை நடுங்குது.”

“எறிய விட்டாத்தானடா எறிய வரும்!” என்று அப்பா கத்துவார்.

நான் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எத்தனையாவது முயற்சி, ஓட்டமா எறிதலா, எத்தனை கஜம் என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வாரம் அம்மாவுக்கு, பாலம் தாண்டி இருக்கும் தொழிற்பேட்டையான முசஃபாவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிறு காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஐந்தாவது டெஸ்டில் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். ஆனால், “அந்த ரோடு பூரா டிரெய்லர், உனக்குச் சரிப்படாது மீரா,” என்று அப்பா முடித்துவிட்டிருந்தார். வெள்ளி, சனி விடுமுறைக்கு முன்பு ஊரே கடைக்குக் கிளம்பும் வியாழன் மாலையில், தனக்குத் தலைவலி என்றால் மட்டுமே அவளிடம் சாவியைக் கொடுப்பார்; பின்னாலிருந்து யாராவது ஹார்ன் அடித்ததும் ஓரம்கட்டச் சொல்லி வாங்கிக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தின் இடைவேளையில் நான் நோட்டை வாசித்துக் காட்டினேன். முதல் இரண்டு முயற்சிகளிலும் பெரும்பாலும் ஓட்டம்தான். எட்டு, ஒன்பது கஜம் பாக்கியிருந்து, எதிரணி முழுவதும் எறிதலை எதிர்பார்த்து நிற்கும் மூன்றாவது முயற்சியில் மட்டும் அவனை எறியச் சொல்லியிருந்தார்கள்.

அப்பா துள்ளிவிட்டார். “பாத்தியாடா! லேசான நேரத்துல அந்த கோச் ஒரு தடவ எறிய விட்டானா? மாட்டிக்கிட்டப்புறம் எறிடான்னா எப்படிடா வரும்?”

சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றாள். “சேகர் அண்ணா, உங்க ஃபிரெண்ட் எனக்கு எப்ப வண்டி குடுப்பாருன்னு கேளுங்க. வியாழக்கிழமை சாயங்காலம். வெள்ளிக்கிழமை காலைல காலியா கிடக்குற ரோட்ல ஒரு தடவ குடுத்தாரா?”

“மாட்டினியா மச்சான்,” என்றார் அங்கிள், கடலையை மென்றுகொண்டே.

அப்பா நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். இரண்டாம் பாதி தொடங்கியும் தலையைத் தூக்கவில்லை. பிறகு, “நாலு வெள்ளிக்கிழமை போதுமா?” என்று கேட்டார். “போதும்,” என்ற அம்மா, அடுத்த மாதம் சேர்வதாக அன்றே மெயில் அனுப்பினாள்.

முதல் வெள்ளி பாலம் வரை. இரண்டாவது, பாலம் தாண்டி. மூன்றாவது, பரிசோதனைக் கூடத்தின் வாசல் வரை. நான்காவது, அப்பா இல்லாமல்.

சேகர் அங்கிள் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறி, வெள்ளிக்கிழமை காலையின் அந்தக் காலிச் சாலைகளும் இல்லாமல் போய்விட்டன. நோட்டு எந்த வீடு மாற்றத்தில் தொலைந்தது என்று தெரியவில்லை. அம்மா இன்னும் முசஃபாவுக்குத்தான் போகிறாள். போன வாரம் டிரெய்லர்களுக்கு நடுவே அவள் ஓட்டிப் போகையில், பக்கத்து இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். பின்னிருக்கையில் அப்பா வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார்.