எங்கள் வாசலில் எருக்கு நட்டவள்

எதிர் வீட்டுச் சரோஜா வந்து "அக்கா, கெஜா போயிட்டா" என்று சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். பெங்களூருக்குத்தான் போய்விட்டாள், ஒருவழியாக மகன் கூப்பிட்டுக்கொண்டான் என்று நினைத்தேன். "சொல்லாமக்கூடவா போயிட்டா? திமிரப் பாரு" என்றேன். சரோஜா என் படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆண்டர்சன்பேட்டையில் காய் வாங்கப் போனவள், கடைக்கு முன்னால் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாளாம். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அம்மன் கோயில் திருவிழா மலருக்குக் கெஜலட்சுமியைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றார்கள். என் பேத்தி காலேஜில் படிக்கிறாள், எங்கள் லைன் வீடுகளிலேயே காலேஜ் போன முதல் பெண். "நீ சொல்லு பாட்டி, நான் அழகா எழுதித் தரேன்" என்றாள். வேண்டாம் என்றேன். அஞ்சாவதோடு நின்றவள் நான். ஆனால் கெஜாவோடு ஒரே சுவரைப் பங்குபோட்டுக் குடியிருந்தவளும் நான்தான். அவள் பேசியது என் காதில்தான் இருக்கிறது.

நந்திதுர்க்கில், தங்க மைன் தொழிலாளிகளுக்குக் கட்டிய வீட்டு வரிசைகளில் எங்கள் லைன்தான் கடைசி. அதற்குப் பின்னால் சைனைட் மேடு. தங்கம் எடுத்தபிறகு மிஞ்சிய மாவு மணலைக் கொட்டிக் கொட்டி மலையாக்கிவைத்தார்களே, அதுதான். ஆடிக் காற்று வந்தால் அந்த மணல் சோற்றில் விழும், பாயில் விழும், மூடிவைத்த குடத்திலும் இருக்கும். மற்ற வீடுகளுக்கு அது தொல்லை. எங்கள் வீட்டுக்கு அது எமன். என் வீட்டுக்காரர் சுரங்க ஷாப்ட்டில் இறங்கி டிரில் பிடித்தவர். அவர் நெஞ்சில் ஏற்கெனவே கல்தூசி. "தூசி இல்லாத இடத்துக்குக் கூட்டிப் போங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே போவது? பெங்களூரில் என் மகன் வீடு மாடிமேல் மாடி. இவரால் நாலு படி ஏற முடியாது. இந்தக் கம்பெனி குவார்ட்டர்ஸை விட்டால் எங்களுக்கென்று வேறு கூரையும் இல்லை. கதவைச் சாத்தினால் அவருக்கு மூச்சு முட்டும், திறந்தால் தூசி வரும். பாதி திறந்த கதவுக்குப் பக்கத்தில்தான் நான் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

பின்பக்கம் செடி வைத்து மறைக்கலாம் என்று முதலில் சொன்னவள் கெஜாதான். எல்லோரும் ஆசைப்பட்டதையெல்லாம் வைத்தோம். ரோஜா, மல்லி, செம்பருத்தி. குழாயில் தண்ணீர் வருகிற நாளில் குடிக்கப் பிடிப்பதா, செடிக்குப் பிடிப்பதா? ரோஜா கருகியது. மல்லியை ஆடு தின்றது. செம்பருத்தி மட்டும் கொஞ்ச நாள் குச்சியாக நின்று பார்த்தது.

அடுத்த சித்திரையில், உச்சி வெயிலில், கெஜா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மேட்டு அடிவாரம் முழுக்க நடந்துவிட்டு வந்தாள். "உனக்கு இன்னா பைத்தியமா, இந்த வெயில்ல?" என்று கேட்டேன்.

"மழைக்காலத்துல எல்லாச் செடியும் நல்ல செடிதான் அக்கா. இப்ப எது நிக்குதுன்னு பார்க்கப் போனேன். தண்ணி ஊத்த ஆளில்லாம, ஆடு வாய் வைக்காம, அந்த மணல்லயே பச்சையா நிக்கறது ரெண்டுதான். ஆவாரை ஒண்ணு, எருக்கு ஒண்ணு."

ஆவாரைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு செடியைப் பிடுங்கி வந்து நட்டாள், இரண்டே நாளில் தலை சாய்ந்தது. பிறகு விதையைக் கொண்டுவந்து சொரசொரப்பான கல்லில் உரசி, குழியில் செம்மண்ணும் சாணமும் போட்டு, மழைக்கு முன்னால் விதைத்தாள். "வேர் நேரா கீழ இறங்கற செடி, இடம் மாத்தினா தாங்காது. நம்ம மாமா மாதிரி. பிடுங்கிக் கொண்டுபோய் பெங்களூர்ல வச்சா ஒரு வாரத்துல வாடிடுவாரு" என்றாள். கட்டிலில் இருந்தவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, நான் அவளைத் திட்டினேன். "திட்டாத. நான் படுத்த இத்தினி நாள்ல இப்பதான் ஒருத்தி என்னைப் பத்தி உண்மை பேசுறா" என்றார் அவர்.

எருக்குக்குத்தான் லைனே கூடியது. யார் வீடாவது பாழாகட்டும் என்றால் "உன் வீட்ல எருக்கு முளைக்க" என்றுதானே சாபம் விடுகிறோம்? லைனுக்கே மூத்தவரான உண்ணாமலை அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். "ஏண்டி கெஜா, எதிரி வீட்டுக்குக் கேக்கறதை நம்ம வீட்டுக்கு நீயே வைக்கிறியா? மைன் மூடப் போறான்னு ஊரெல்லாம் பயந்துகினு கீது, இவ எருக்கு நடுறா!"

"பிள்ளையாருக்கு மாலை கட்ட மட்டும் அது வேணும், இல்லியா பெரியம்மா?"

"அது கோயிலு. இது குடியிருக்கிற வீடு."

"பாழு தானா வந்தாதான் எருக்கு முளைக்கும். நாமளே வச்சிட்டோம்னு வைங்க. பாழு வந்து எட்டிப் பார்க்கும். இங்க ஏற்கெனவே ஆளு கீது போலன்னுட்டுத் திரும்பிப் போயிடும்."

சிரித்தார்கள். ஆனால் கலையவில்லை. ஏனென்றால் மணல் இறங்கும் வாய் எங்கள் பின்வாசலுக்கு நேராக இருக்கிறது. எருக்கு அங்கேதான் வேண்டும். படுத்துக் கிடக்கிற ஆள் இருக்கும் வாசலில் எருக்கை வைத்து, அவருக்கு ஒன்று ஆனால் நான் எந்த முகத்தோடு வெளியே வருவேன்? வைக்காவிட்டால் அடுத்த ஆடியை அவர் தாண்டுவாரா? இரண்டு பக்கமும் எனக்கு வழியில்லை. கெஜா என்னை அவசரப்படுத்தவில்லை. "அக்கா, நீ சொன்னாதான் குழி தோண்டுவேன்" என்றாள். பதில் உள்ளேயிருந்து வந்தது. "எருக்கு என்னைத் தூக்க வர்றதுக்குள்ள தூசி தூக்கிடும். வைக்கச் சொல்லு."

பால் கண்ணில் தெறிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு குச்சி குச்சியாக வெட்டி, வெட்டு காயும்வரை நிழலில் போட்டு, வரிசையாக நட்டாள். தூசி நின்றுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். குறைந்தது. முன்பு பாயை உதறினால் முறத்தில் அள்ளலாம், இப்போது துணியால் துடைத்தால் போகிறது. அந்த ஆடியைத் தாண்டினார் அவர்.

அப்புறம் மைன் மூடினார்கள். எருக்கின் வேலை என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களிடம் கெஜா, "நாலு குச்சி நட்டதுக்கே இம்மாம் பெரிய மைனை மூடற சக்தி அதுக்கு இருந்தா, கும்பிட்டுத் திறக்கச் சொல்லுங்க. நானும் கூட வர்றேன்" என்றாள்.

அவள் எங்கேயும் போகாமல் இருந்தது செடிமேல் உள்ள பிரியத்தால் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அவளுக்கு இந்த ஊர் அலுத்துப்போயிருந்தது. மகன் ஒவ்வொரு பொங்கலுக்கும் "அடுத்த பொங்கல் அங்கதாம்மா" என்பான். அங்கே ஒரே ரூம், அதில் அவன் மாமியார் இருக்கிறார். "அவன் மேல தப்பில்ல, ரூம்தான் சின்னது" என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் கெஜாவின் வாயில் கேலி இருக்காது.

பாடை என் வாசல் வழியாகத்தான் போனது. இவரைத் தனியே விட முடியாததால் படியிலேயே நின்று கும்பிட்டேன். அப்போதே காதில் விழுந்தது: "படுத்திருக்கிற ஆளை விட்டுட்டு, வச்சவளையே எடுத்துக்கிச்சு பாரு எருக்கு." காரியம் முடிந்த மறுநாள் உண்ணாமலை அம்மா நாலு பேரோடு வந்தார்கள். ஒருவர் கையில் கொடுவாள். "போனது போதும், வெட்டிடலாம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள், அது எனக்குத் தெரியும். நான் படியைவிட்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

கெஜா போன பிறகு என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த எருக்கு வேலியும், அதற்கு இந்தப் பக்கம் இவர் இழுத்து விடுகிற மூச்சும்தான். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது அதை வெட்ட வேண்டும் என்று தோன்றினால், நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வாருங்கள். எனக்கு அப்படி ஒரு நேரம் கிடையாது என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும்.