அப்பாவைப் பேயாக்கிய ஊர்

அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகச் செலவழித்தேன். அவருக்கு எண்பது வயது. சங்கரன்கோவிலில் என் வீட்டில்தான் இருக்கிறார். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு சட்னியில் உப்பு போதவில்லை என்று சொல்கிற அளவுக்கு நன்றாகவே இருக்கிறார்.

விஷயம் என் அலுவலகத்தில் தொடங்கியது. பக்கத்து மேசைப் பெண் மதியச் சாப்பாட்டின்போது போனில் ஒரு வீடியோ காட்டினாள். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரம் நிற்கிற பழைய கலங்கரை விளக்கத்தைப் பற்றியது. அங்கே பேய் நடமாடுகிறதாம். விளக்கைக் கவனித்துக்கொண்ட ஊழியர் ஒருவர், சங்கரன்கோவில்காரர், உச்சியிலிருந்து குதித்துச் செத்தாராம். ஒரு காலை இழுத்து இழுத்துப் படியேறுகிற சத்தம் இன்னும் கேட்கிறதாம். ஏன் குதித்தார் என்றால், பெண்டாட்டி இன்னொருவனோடு ஓடிப்போய்விட்டாளாம்.

நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன். அந்த விளக்கில் பதினோரு வருஷம் வேலை பார்த்த சங்கரன்கோவில்காரர் என் அப்பா. உள்ளே சுழல் படிக்கட்டில் வழுக்கி விழுந்து முட்டி உடைந்தது. போர்வையைப் போர்த்தி ஜீப்பில் ஏற்றித் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கால் சரியாகக் கூடவில்லை. அதன்பிறகு வேறு ஊருக்கு மாற்றல். போர்வைக்குள் போனவர் திரும்பி வரவில்லை என்பதுதான் அந்த ஊருக்குத் தெரியும்.

அம்மா இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் படிப்பும் இங்கேதான். அதனால் அவள் அங்கே போய்க் குடியிருக்கவே இல்லை. அவள் இறந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது அவள் மேல் இப்படி ஒரு பேச்சு.

வீடியோவுக்குக் கீழே, இது பொய், அவர் என் அப்பா, உயிரோடு இருக்கிறார் என்று எழுதினேன். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன. அப்படியென்றால் நீங்கள் பேயோட மகளா என்று ஒருவன் கேட்டிருந்தான். வீடியோ போட்டவருக்குத் தனியாக மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. சரி, ஆளையே கொண்டுபோய் நிறுத்துவோம் என்று முடிவு செய்தேன்.

அப்பாவிடம் பாதியைத்தான் சொன்னேன். அவர் அங்கே பேயாக உலவுகிறார் என்பதை மட்டும். அம்மா விஷயம் வாயில் வரவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். தேய்த்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார். திருநெல்வேலியில் பஸ் மாறியதும் பக்கத்தில் உட்கார்ந்தவர் எங்கே பயணம் என்று கேட்டார்.

"நான் செத்த எடத்தைப் பாக்கப் போறேன்" என்றார் அப்பா.

அந்த மனிதர் தென்திருப்பேரையில் வேறு சீட்டுக்கு மாறிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. டிக்கெட் கொடுக்கிறவன் வடக்கத்திப் பையன், தமிழ் அரைகுறை. அப்பாவின் பழைய அடையாள அட்டையைக் காட்டி, பேய் என்று சொல்கிறார்களே, அது இவர்தான் என்று விளக்கினேன். அவன் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பழைய ஸ்டாஃப்புக்கு டிக்கெட் வேண்டாம், மேலே போங்கள் என்று கைகாட்டினான். அவ்வளவுதான்.

அப்பா கைப்பிடியைப் பிடித்து ஆறு படி ஏறினார். கால் இழுபடுகிற சத்தம் கோபுரத்துக்குள் வட்டமாகச் சுற்றி மேலே போனது. மேலேயிருந்து பேசிக்கொண்டே இறங்கி வந்த கல்லூரிப் பெண்கள் சட்டென்று அமைதியானார்கள். பிறகு மெதுவாக எட்டிப் பார்த்தார்கள். இவர்தான் அந்த ஆள், சாகவில்லை என்று நான் சொன்னதும் சிரித்தார்கள். ஆளுக்கொரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அப்பா ஒவ்வொன்றுக்கும் முகத்தைத் திருப்பிக் கொடுத்தார். யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

வெளியே சாலையோரத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாவுக்கு என் வயசு இருக்கும். உள்ளூர்க்காரி. இவளிடமாவது சொல்லிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். முதல் வரிக்கே அவள் தலையை ஆட்டினாள். அவளுடைய கொழுந்தன் தன் காதாலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறானாம். நான் தடுப்பதற்குள் முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். பெண்டாட்டி ஓடிப்போனது வரை.

பெஞ்சில் இருந்த அப்பா டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, அவன் பொண்டாட்டி ஓடிப்போகல. சங்கரன்கோயில்ல டீச்சரா இருந்தா. பிள்ளைகளை வச்சுக்கிட்டு எப்படி வருவா? மாசத்துக்கு ஒரு தடவை இவந்தான் லீவு போட்டு ஓடுவான்" என்றார்.

"ஒங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்?"

"நான் அவன்கூட வேலை பாத்தவன்."

அவள் அப்படியா என்று கன்னத்தில் கை வைத்தாள். அந்தம்மா பாவம், தெரியாமல் பேசிவிட்டோமே என்றாள். அதன்பிறகு டீச்சர் எப்படி இருந்தார், பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டாள். அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். மகள் அரசாங்க வேலையில் இருக்கிறாள் என்றபோது என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னை யாரென்று அவளும் கேட்கவில்லை.

மினி பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன். ஏன் நான்தான் அது என்று சொல்லவில்லை, அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று. குரல் உயர்ந்துவிட்டது. முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"நீ காலையிலயிருந்து அதத்தானே சொல்லுத. ஒருத்தன் நம்புனானா? கூட்டாளின்னதும் அவ நம்பிட்டாள்லா. ஒங்கம்மாவப் பத்தித் தப்பாப் பேசமாட்டா. அது போதும்ட்டி."

எனக்குப் போதவில்லை. அந்த ஊரில் அவர் செத்தவராகவே கிடக்கிறார். அதை மாற்ற வந்த நான் அதற்குச் சாட்சியாக இருந்துவிட்டுப் போகிறேன். அதையும் அவரிடம் சொன்னேன். அம்மாவைப் பற்றி இப்படிப் பேசுகிறார்கள் என்று முன்னாலேயே உனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன்.

"சொல்லிருக்கணும்" என்றார்.

திருச்செந்தூரில் பஸ் மாறித் திருநெல்வேலியில் வந்து இறங்கினோம். சங்கரன்கோவில் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அவரால் ஓட முடியாது. நான் ஓடிப்போய்ப் படியில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டு, அப்பா வருகிறார், நிறுத்துங்கள் என்று கண்டக்டரிடம் சொன்னேன்.