நீளாத உயரம், நிற்காத எடை

பிள்ளைகள் வளர்வது சீருடை தைப்பவளுக்குப் பாவாடை விளிம்பில் தெரியும். இரண்டு விரல் அகலம் உள்ளே மடித்துத் தைப்பாள். வருடம் திரும்புவதற்குள் பிரித்துவிடச் சொல்லித் தாய்மார்கள் வந்து நிற்பார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அளவெடுத்தவளுக்குத் தன் பத்து வயது மகள் விஷயத்தில்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் ஆயிற்று. மடிப்பு மடிப்பாகவே இருக்க, இடுப்பை இரண்டு முறை தளர்த்தியாகிவிட்டது.

பள்ளியில் கொடுத்த அட்டையும் அதையே சொன்னது: ஆறு மாதத்தில் ஐந்து கிலோ, உயரம் ஒரே ஒரு சென்டிமீட்டர். எடை பார்த்த அன்று வகுப்பே சிரித்ததாம். இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று மகள் படுத்துக்கொண்டாள்.

"கோழி மாதிரி நாலு கொத்து கொத்திட்டு எழுந்திடறா. எங்கேருந்து வருது இந்தச் சதை?" என்று புருஷனிடம் போனில் கேட்டாள். அவன் வேலைக்காக வேறு ஊர் போய் எட்டு மாதம். அவன் போகும்வரை அடுப்பு அவன் பொறுப்பு.

"நான் இருந்தப்போ ஒழுங்காத்தானே இருந்தா?"

"ஆமா, நான்தான் காத்தடிச்சு ஊதிவிட்டேன்," என்று வைத்துவிட்டாள்.

மகளைக் கெஞ்சிக் கூத்தாடிப் பள்ளிக்கு அனுப்பினாள். இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். ஒரு மாதத்தில் இடுப்பு இன்னும் அரை அங்குலம் கூடியது.

பள்ளி நர்ஸம்மா தன் கோட்டுக்குப் பொத்தான் வைக்கக் கடைக்கு வந்தபோது தையல்காரி அவளை விடவில்லை.

"உங்க எடை மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்குமோ?"

"இருந்தா இருநூறு பிள்ளைங்களும் குண்டாகியிருக்கணுமே. காலையில என்ன சாப்பிடறா?"

"பன்னு."

"மத்தியானம்?"

"கேன்டீன்ல ஏதோ வாங்கிக்குவா."

"பள்ளிக்கூடம் விட்டு வந்ததும்?"

தையல்காரி யோசித்தாள். அந்த நேரத்தில் தையலிலிருந்து தலைதூக்க முடியாது. எதிர்க்கடையில் ஏதாவது வாங்கிக்கொள் என்று அனுப்பிவிடுவாள். மகள் ஒரு கலர் பாட்டிலும் இரண்டு சிப்ஸ் பாக்கெட்டுமாக வந்து மூலையில் உட்கார்ந்துகொள்வாள். அதை நர்ஸம்மாவிடம் சொன்னாள்.

"அது சாப்பாடு இல்லையேம்மா, சும்மா கொறிக்கிறது."

"அவளுக்கு அதுதான் சாப்பாடு. அதுல இருக்கிற சர்க்கரையும் எண்ணெயும் சதை போடும், உயரம் வளரச் சத்து கிடையாது. நீங்க சமைச்சுப் போடறது ஒருவேளை. அதையும் பாதியாக்கினா பசிக்கு எங்கே போவா? மறுபடி பாக்கெட்டுக்குத்தான்."

"அப்போ எடை குறையணும்னா நான் கூடப் போடணுமா?"

"வயிறார நல்ல சாப்பாடு போடுங்க. பாக்கெட்டை நிறுத்துங்க. ஓடியாட விடுங்க."

"எனக்கு ஒண்ணும் பிடிபடலம்மா."

"பிடிபடாட்டியும் செய்ங்க."

அன்று எதிர்க்கடைக்கு அனுப்பவில்லை. மெஷினை ஆறு மணிக்கே மூடிவிட்டுச் சமைத்தாள். உப்பு ஒரு கல் தூக்கல்தான். நிறைந்த தட்டை மகள் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"நாளைக்குத் திரும்பக் குறைச்சிடுவியாம்மா?"

"நர்ஸம்மா கூடப் போடச் சொன்னாங்க. ஏன்னு எனக்கே சரியாப் புரியல. நீ சாப்பிடு."

மகள் தட்டைத் துடைத்தாற்போல் முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் தாய் கரண்டியும் கையுமாக நின்றாள். பிறகு போட்டாள்.