மெர்சியின் வேகத்தில் நான் ஓடிய மாரத்தான்

கண்ணைக் கேட்டு நான் செய்த ஜெபத்துக்குப் பதில் வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் முப்பத்தெட்டாவது வயதில் விழித்திரை நோய் என்றார்கள். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், மருந்து கிடையாது. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. டெல்லியில் ஒரு வங்கியில் எனக்கு வேலை, ஜனக்புரியில் வாடகை வீடு. மனைவி மெர்சி ஆஸ்பத்திரி நர்ஸ். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

முதலில் ஸ்கூட்டரை விட்டேன். பிறகு செய்தித்தாள் போயிற்று. ஓட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. பாளையங்கோட்டையில் படித்த நாளிலிருந்து ஓடுகிறவன் நான். முழுதாக இருட்டுவதற்குள் ஒரு மாரத்தான் ஓடி முடித்துவிட வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. வேறு எதற்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அவசரம் அவசரமாகத் தூரத்தைக் கூட்டினேன். பார்க்கில் ஒரு மரவேரில் தடுக்கிக் கணுக்கால் பிசகியது. ஆறியதும் மறுபடி ஓடினேன். அடுத்து கணைக்கால் எலும்பில் வலி. பிசியோதெரபி செய்த பெண் என் நடையைப் பார்த்துவிட்டு, "நீங்கள் தரையை நம்பாமல் காலை வைக்கிறீர்கள். உடம்பு முழுக்க விறைத்து நிற்கிறது" என்றார். பாதி தெரியாத தரையை எப்படி நம்புவது? கேட்காமல் ஓடினேன். கடைசியில் எலும்பிலேயே மயிரிழை விரிசல். டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்து, "தௌட்னா பந்த்" என்றார். ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தை எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் பாடும்போது நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒருநாள் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபடியே சொன்னேன்: "ஆண்டவரே, கண்ணை எடுத்துக்கொள்ளும். காலையாவது விட்டுவையும்." சமாதானம் எதுவும் வரவில்லை. அழுகைதான் வந்தது.

வெயில் திரும்பியபோது எலும்பு கூடிவிட்டது. ஆனால் வாசல்படி இறங்கவே பயம். மெர்சி தன் துப்பட்டாவின் ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, நானும் வாரேன்."

"நீ எதுக்கு? உனக்கு மூச்சு வாங்கும்."

"வாங்கட்டும். வாங்குனா நடப்போம். நீங்க தனியா விழுந்து கெடக்கத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள் அவள். கொஞ்சம் ஓடுவோம், மூச்சிரைக்க நின்றுவிடுவாள். நடப்போம். மறுபடி ஓடுவோம். "கல்லு", "ஏத்தம்", "நாயி படுத்திருக்கு, இந்தப் பக்கம் வாங்க" என்று சொல்லிக்கொண்டே வருவாள். நைட் டியூட்டி முடித்து வரும் நாட்களில் ஓட்டமே கிடையாது.

எனக்குப் பொறுக்கவில்லை. "இப்படிப் போனா எப்ப முடிக்கது?" என்றேன்.

"முடியுத அன்னைக்கு முடியட்டும்."

வாரங்கள் போயின. தூரம் துளித்துளியாகக் கூடியது. முன்பு வலி ஆரம்பித்த அளவைத் தாண்டியும் வலி வரவில்லை. பயத்தோடு பிசியோதெரபி பெண்ணிடம் போனேன். கூட வந்த மெர்சி வெளியே உட்கார்ந்திருந்தாள். அவர் எலும்பை அமுக்கிப் பார்த்து, நாங்கள் ஓடும் விதத்தைக் கேட்டுவிட்டு, "அச்சா, நடுவில் நடை, நல்ல ஓய்வு, தூரத்தை நிதானமாகக் கூட்டுவது. இதைத்தான் நான் சொல்லியிருப்பேன். யார் போட்டுக் கொடுத்த பயிற்சி?" என்றார்.

"யாரும் இல்லை. என் மனைவிக்கு மூச்சு வாங்கியது" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காலை விட்டுவையும் என்று நான் கேட்டிருந்தேன். விடிந்ததும் என்னோடு பார்க்குக்கு வந்து என் காலைக் காத்துத் தந்தவளிடம்தான் இத்தனை நாளும் சலித்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து அழுதேன். அவள் துப்பட்டா முனையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மறு வருடக் குளிர்காலத்தில் மாரத்தான் ஓடினோம். அதற்குள் எனக்கு மிஞ்சியிருந்தது ஒரு சாவித்துவாரம் அளவு வெளிச்சம். ஓடியும் நடந்தும் நாங்கள் முடிவுக்கோட்டுக்கு வந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மெர்சி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கால்ல ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல."

இப்போது அந்தத் துவாரமும் அடைந்துவிட்டது. இருட்டு பழகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பழகவில்லை. சில காலைகளில் கண் விழித்ததும் நெஞ்சு பதறுகிறது. கண்ணை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாடுகிறேன்.

என்னைப்போல் நம்பிக்கை அற்று உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்களும் கேளுங்கள். குரல் எழும்பாவிட்டாலும் போர்வைக்குள்ளிருந்தாவது கேளுங்கள். நான் கேட்டதில் ஒன்றை அவர் தந்தார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் வீட்டை விட்டு வெளியே வருகிறேன்.

நாளைக்கு மெர்சிக்கு லீவு. காலையில் ஓடப் போகிறோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.